உள்ளே இருக்கிறவர் உள்ளே வர முடியாது

"என் வீட்டுக்காரர் காணாமப் போகலீங்க. தினமும் மீட்டிங்குக்கு வந்துட்டுத்தான் இருக்காரு. வீட்டுக்குத்தான் வரதில்லை."

ரஞ்சிதா இப்படிச் சொன்னதும், துப்பறிவாளர் ராசாத்தி வாயருகே கொண்டுபோன பன்னைத் தட்டிலேயே வைத்தாள்.

ஓசூர் பாகலூர் சாலையில், ஒரு பேக்கரியின் மாடியில் இருந்தது அவள் அலுவலகம். முன்பு காப்பீட்டுக் கம்பெனிக்காக விபத்து வண்டிகளைச் சோதித்தவள். நசுங்கிய கதவைப் பார்த்தே, இடித்தது லாரியா, காப்பீட்டுப் பணத்துக்காகச் சுத்தியல் எடுத்த மச்சானா என்று சொல்லிவிடுவாள்.

"ஊர்ல பாதிப்பேரு நேர்மாறுக்கா. வீட்ட விட்டு நகர மாட்டாய்ங்க, மீட்டிங்குக்கு வர மாட்டாய்ங்க" என்றான் மதுரைவீரன், அவளுடைய உதவியாளன். தெற்கேயிருந்து வேலை தேடி வந்து, சிப்காட்டில் சேர்ந்த இடத்திலெல்லாம் வாயால் வேலையை இழந்து, கடைசியில் இங்கே ஒதுங்கியவன்.

"வீரா, வாயை மூடிட்டு அம்மாவுக்குத் தண்ணி குடு."

ரஞ்சிதா தண்ணீரைக் குடித்துவிட்டு விஷயத்தைச் சொன்னாள். கணவன் ஜெகதீஷ், ஸ்கூட்டர்களுக்கு பிரேக் ஷூ செய்யும் 'தென்பெண்ணை பிரேக்ஸ்' கம்பெனியில் தரக்கட்டுப்பாட்டு மேலாளர். அமாவாசைக்கு முந்தின நாள், பூனாவில் பயிற்சி என்று சொல்லிப் பெட்டியோடு கிளம்பினான். அதன் பிறகு போனில் கிடைப்பதில்லை. கம்பெனி ஆப்பில் மட்டும் அனுப்பிய நொடியில் பதில் வருகிறது.

"சாப்பிட்டீங்களான்னு கேட்டேன். அவரு அனுப்பினதைப் பாருங்க."

கைப்பேசியை வாங்கி ராசாத்தி உரக்கப் படித்தாள். "வெப்பநிலை எண்பது டிகிரியைத் தாண்டுகிறதா? ஆம் அல்லது இல்லை என்று அழுத்தவும்."

"நீங்க என்ன அழுத்துனீங்க?"

"இல்லைன்னு அழுத்தினேன். எனக்கு அன்னிக்குக் காய்ச்சல்தான். ஆனா எண்பதெல்லாம் இருக்காதுங்களே."

"அதுக்கு?"

"'தொடர்ந்து பயன்படுத்தலாம்'னு வந்துச்சு."

மதுரைவீரன் வாயைத் திறந்தான். ராசாத்தி அவனைப் பார்த்தாள். மூடிக்கொண்டான்.

"கம்பெனியில கேட்டேன். 'இப்பக்கூட மீட்டிங்லதான் இருக்காரு, தொந்தரவு பண்ணாதீங்க'ன்னுட்டாங்க. போலீஸ்ல, தினமும் ஆபீஸுக்கு ஆஜராகறவரை எப்படிம்மா காணோம்னு எழுதறதுன்னு கேக்கறாங்க. வெள்ளிக்கிழமை எங்க பாப்பாவுக்குக் காது குத்துங்க. எங்கண்ணன் மடி தயாரா இருக்கு. பெத்த அப்பன்தான்..."

ராசாத்தி பன்னை மறந்து எழுந்தாள். "இது உங்க வீட்டுக்காரர் எழுதினது இல்லம்மா. கேள்வி கேட்டு, பதிலை வாங்கி, அடுத்த கேள்விக்குத் தாவுற மிஷின். நம்மகிட்ட இருக்கற துப்பு ஒண்ணே ஒண்ணுதான். அந்த மீட்டிங். வாங்க, நாமளும் கலந்துக்கலாம்."

*

கம்பெனி வாசலில் செக்யூரிட்டி முனிவேல் அவர்கள் பெயரைத் திரையில் தட்டிவிட்டு, வரம் கேட்டவனைப்போலக் காத்திருந்தார். திரை பச்சையானது. கேட் திறந்தது.

"ஏன் மாடோது மேடம், என்ன பண்றது! நான் கண்ணால பாத்தா ஆகாது. சிஸ்டம் சொன்னாத்தான் கேட்டு" என்றார், கன்னடத்தில் அலுத்துத் தமிழில் விளக்கி.

"ஜெகதீஷ் சார் இருக்காரா?" என்று ராசாத்தி கேட்டாள்.

முனிவேல் ரஞ்சிதாவைப் பார்த்தார். பார்த்ததும் தொப்பியைக் கழற்றினார், மறுபடி போட்டுக்கொண்டார். "உள்ளதான் இருக்காரும்மா. வெளியில இருந்து வந்தாலும் உள்ளதான் இருக்காரு."

"என்னக்கா இது, சாமியாடி மாதிரி பேசறாரு?" என்றான் மதுரைவீரன்.

"ஞாபகம் வெச்சுக்கோ. அந்த ஆளு பொய் சொல்லல. அதுதான் விசேஷம்."

எம்.டி. ஆனந்தராஜ் மாடியறையில் இருந்தார். கண்ணை முழுக்க மூடி மெய்நிகர் காட்சி காட்டும் கறுப்பு வி.ஆர். ஹெட்செட்டை நெற்றிக்கு மேல் தூக்கிவிட்டிருந்தார். பல மாதம் அணிந்ததில் முகத்தைச் சுற்றிச் சட்டம் போட்டதுபோல் சிவப்புத் தழும்பு. பக்கத்தில் கணினிப் பிரிவின் தலைவர் விமல்ராஜ், ஏ.சி.யிலும் வியர்த்தபடி நின்றிருந்தார்.

"காணாமப் போனாரா? என் மேனேஜரா?" எம்.டி. சிரித்தார். "மேடம், எங்க கம்பெனியில யாரும் எங்கயும் போகவே வேண்டியதில்ல. மீட்டிங் ஹால் மொத்தமும் வி.ஆர். தான். பூனாவில இருந்தாலும், புருவத்துல இதை மாட்டினா என் முன்னாடி உட்காரணும். போதாக்குறைக்கு எங்ககிட்ட 'ஆசான்' இருக்கு."

"அது யாரு?"

"நிபுணர் மென்பொருள். ஒவ்வொரு மேனேஜரையும் மாசக்கணக்கா உட்கார வெச்சுக் கேட்டோம். பிரேக் சத்தம் போட்டா என்ன பண்ணுவே, சூடானா என்ன பண்ணுவே, சரக்கு தாமதமானா என்ன பண்ணுவேன்னு. அவங்க சொன்னதையெல்லாம் 'இப்படி இருந்தா இப்படிச் செய்'னு விதியா ஏத்திட்டோம். இப்ப நான் எதையுமே யோசிக்கறதில்ல."

"பாத்தாலே தெரியுது சார். முகத்துல ஒரு கவலை இல்ல" என்றான் மதுரைவீரன்.

"தேங்க் யூ" என்றார் எம்.டி. மனமார.

விமல்ராஜ் ஆளுக்கொரு ஹெட்செட்டைக் கொடுத்தார்.

ஹெட்செட்டுக்குள் ஓசூர் மறைந்தது. பளிங்குத் தரை, ஆளுயரப் பூஜாடிகள், ஜன்னலுக்கு வெளியே பனிமலை. நீள்வட்ட மேசையைச் சுற்றிக் கோட்டு போட்ட மேனேஜர்கள். இடுப்புக்குக் கீழே யாருக்கும் எதுவும் இல்லை. எல்லோரும் மேசைக்கு மேல் வெட்டி வைத்த சிலைகள்போல மிதந்தார்கள்.

விருந்தாளிகளுக்கென்று மிஞ்சியிருந்த உருவங்கள் இரண்டே வகை. ராசாத்தி வழுக்கைத்தலை ஆசாமியானாள். மதுரைவீரனுக்குப் பட்டுப்புடவை.

"அக்கா, இந்தப் பார்டர் எனக்கு எடுக்கல."

"பேசாம உட்காரு தங்கச்சி" என்றாள் ராசாத்தி.

மேசையின் நடுவில் ஜெகதீஷ் இருந்தான். அதே சீரான மீசை, அதே சதுரக் கண்ணாடி. மற்றொரு பட்டுப்புடவைக்குள்ளிருந்து ரஞ்சிதாவின் குரல் பாய்ந்தது.

"என்னங்க! உயிரோடதான் இருக்கீங்களா? வெள்ளிக்கிழமை தாரிணிக்குக் காது குத்து. வருவீங்களா, மாட்டீங்களா?"

ஜெகதீஷ் புன்னகைத்தான். "சத்தம் இடது பக்கத்திலிருந்து வருகிறதா, வலது பக்கத்திலிருந்தா?"

"எதுங்க? காதா? ரெண்டு காதும்தான்!"

"இரண்டையும் கழற்றிவிட்டுப் புதியது மாற்றவும்."

ரஞ்சிதா ஓவென்று அழ ஆரம்பித்தாள். பட்டுப்புடவை உருவத்துக்கு அழத் தெரியவில்லை. அது சிரித்தபடியே இருந்தது. அழுகைச் சத்தம் மட்டும் பளிங்கு மண்டபத்தில் எதிரொலித்தது.

ராசாத்தி ஜெகதீஷைப் பார்க்கவில்லை. மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூலையில், சுவரில் மாட்டாமல், தரையிலும் வைக்காமல், ஓர் ஆளின் மார்பு உயரத்தில் ஒரு சிவப்புத் தீயணைப்பு சிலிண்டர் மிதந்துகொண்டிருந்தது. தாரிணி என்ற பெயர் கேட்டதும் அது பொத்தென்று தரைக்கு இறங்கியது. இப்போது மெல்ல எழுந்து, ரஞ்சிதா இருந்த திசையை நோக்கி நகர்ந்தது.

"எம்.டி. சார், அந்த சிலிண்டர் ஏன் நடக்குது?"

"ஓ, அதுவா? பாதுகாப்பு விழிப்புணர்வு. தினமும் ஒரு தடவை நுரைகூட அடிக்கும். ஜெகதீஷ் ஏதாவது சரக்குக்கு அனுமதி குடுத்தா உடனே அடிக்கும். விமல்ராஜோட டிசைன். இல்ல விமல்?"

விமல்ராஜ் தொண்டையைச் செருமினார். "ஆமா சார். விழிப்புணர்வு."

ராசாத்தி வழுக்கைத் தலையை ரஞ்சிதா பக்கம் திருப்பினாள். உரக்கச் சொன்னாள். "அழாதீங்கம்மா. உங்கப்பா சொன்னபடியே பண்ணிடலாம். அப்பன்காரன் வராததால குழந்தை பேரை மாத்தி, மண்டபத்து வாசல்ல 'தகப்பனார் இல்லை'ன்னு பேனர் வெச்சிடலாம்."

"எங்கப்பா எப்போ..." என்று ரஞ்சிதா ஆரம்பிப்பதற்குள் சிலிண்டர் வெறிபிடித்ததுபோல் குலுங்கியது. மேசைமேல் ஏறியது. சர்ர்ரென்று வெள்ளை நுரையை ஜெகதீஷின் முகத்தில் பீய்ச்சியது. நுரைக்குள்ளிருந்து ஜெகதீஷின் குரல் அமைதியாக வந்தது.

"கசிவு தொடர்ச்சியானதா, விட்டுவிட்டு வருகிறதா?"

ராசாத்தி ஹெட்செட்டைக் கழற்றினாள். "புருஷன் கிடைச்சாச்சு."

"அந்த மீசைக்காரரா?" என்றான் மதுரைவீரன், கழற்ற மறந்து சுவரைப் பார்த்துக்கொண்டு.

"இல்லடா. சிலிண்டர்."

*

அந்தச் சிவப்பு சிலிண்டர் நிஜத்தில் யார் கையில் இருக்கிறது? கேட்டதும் கம்பெனியில் எல்லோரும் ஒரே இடத்தைக் கை காட்டினார்கள். பின்பக்க ஷெட்டில் புது ஆட்களுக்குத் தீயணைப்புப் பயிற்சி நடக்கிறது. அதுவும் வி.ஆர். தான்.

பயிற்சியாளர் யுவஸ்ரீ வாசலிலேயே அவர்களை நிறுத்தினாள். உள்ளே ஒரு கூட்டமே நீலச் சீருடை, ஹெல்மெட், வாய்மூடி, ஹெட்செட் சகிதம் நின்று, இல்லாத நெருப்பின்மேல் இல்லாத நுரையை அடித்துக்கொண்டிருந்தது. யார் முகமும் தெரியவில்லை. யாருக்கும் யாரும் தெரியவில்லை.

"ஒளிஞ்சுக்க இதைவிட நல்ல இடம் கிடைக்காதுக்கா. பாக்க ஒரு கண்ணுகூட ஃப்ரீயா இல்ல" என்றான் மதுரைவீரன்.

"பயிற்சியில ஆள் உருவம் எப்படி இருக்கும்?" என்று ராசாத்தி யுவஸ்ரீயிடம் கேட்டாள்.

"உருவமே கிடையாது மேடம். கையில பிடிச்சிருக்கற சிலிண்டர் மட்டும்தான் தெரியும். அவங்க பேசறதும் மத்தவங்களுக்குக் கேக்காது. ஏன், யாரையாவது தேடறீங்களா? பேர் சொன்னா அட்டையைப் பாத்துச் சொல்றேன்."

"அவர் பேர்ல இங்க அட்டை இருக்காது."

ரஞ்சிதா ஏற்கெனவே உள்ளே போய் ஒவ்வொரு ஹெல்மெட்டாக உற்றுப் பார்க்க ஆரம்பித்திருந்தாள். ஒருவனின் தோளைத் தொட்டாள். அவன் நெருப்புதான் தொட்டதாக நினைத்து அலறிக்கொண்டு உட்கார்ந்தான்.

"அம்மா, நில்லுங்க" என்றாள் ராசாத்தி. "யுவஸ்ரீ, ஒரு உதவி. நெருப்பை அணைச்சிடுங்க."

"அதை அவங்கதான் அணைக்கணும். அதுதானே பயிற்சி?"

"இன்னிக்கு மட்டும் நீங்க அணைங்க."

யுவஸ்ரீ கணினியில் ஏதோ தட்டினாள். மறுகணம் அத்தனை கைகளும் தாழ்ந்தன. எல்லோரும் தோளைத் தளர்த்தி, இடுப்பைப் பிடித்து, சோம்பல் முறித்தார்கள்.

ஒருவன் மட்டும் தளரவில்லை. ஷெட்டின் ஓரத்தில், கையை நீட்டிப் பிடித்தபடி, பூனைபோல ஓரடி எடுத்து வைத்தான். நின்றான். தலையைச் சாய்த்து எதையோ கேட்டான்.

"எல்லாருக்கும் நெருப்பு அணைஞ்சிடுச்சு. அவருக்கு மட்டும் அணையல. ஏன்னா அவர் நெருப்பைப் பாக்கல, மீட்டிங்கைப் பாத்துட்டு இருக்காரு" என்றாள் ராசாத்தி.

ரஞ்சிதா போய் அவன் ஹெட்செட்டைப் பிடுங்கினாள். வாய்மூடியை இறக்கினாள். சவரம் செய்யாத முகத்தோடு ஜெகதீஷ் கண் கூச நின்றான். மனைவியைப் பார்த்ததும் அவன் முதலில் சொன்னது:

"பேனர் எதுக்குடி? நான் இருக்கேன்ல?"

ரஞ்சிதா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிடுங்கிய ஹெட்செட்டைக் குழந்தைபோல நெஞ்சோடு அணைத்துக்கொண்டு விலகி நின்றாள்.

"பூனா எப்படி சார் இருக்கு?" என்றான் மதுரைவீரன்.

ஜெகதீஷ் ஒரு பெயிண்ட் டப்பாவின் மேல் உட்கார்ந்தான். சொல்ல ஆரம்பித்ததும் நிறுத்த முடியவில்லை.

ஒரு சரக்கில், பிரேக் ஷூவின் மேல் உராயும் பட்டையான லைனிங்கை ஒட்டும் பசை புதுசு. பிரேக் பிடித்தால் லைனிங் உரிந்து வந்துவிடும் என்று அவனுக்குச் சந்தேகம். அனுப்பக் கூடாது என்று நிறுத்திவைத்தான். மறுநாள் காலை ஆப்பில் ஆசானிடமிருந்து செய்தி. 'ஒரே வேலையை ஜெகதீஷும் ஆசானும் செய்கிறார்கள். ஒருவர் போதும். தங்கள் பணி நிறைவுற்றது.' போனும் கம்பெனி போன். அதோடு அதுவும் செத்துப்போனது.

"கேட்டுக்கு ஓடி வந்தேன். முனிவேல் என் பேரைத் தட்டினாரு. 'ஜெகதீஷ் உள்ளே இருக்கிறார், ஒருவர் இரண்டு முறை நுழைய முடியாது'ன்னு வந்துச்சு. முனிவேல் எனக்கு சல்யூட் அடிச்சிட்டு, 'சார், நீங்க உள்ள இருக்கீங்க, அதனால உள்ள விட முடியாது'ன்னுட்டாரு."

"உள்ளே இருந்தது, நீங்க சொல்லிக்குடுத்த விதிகளுக்கு உங்க முகத்தை மாட்டின பொம்மை" என்றாள் ராசாத்தி.

"ஆமாங்க. நான் நிறுத்தின சரக்குக்கு அதுவே அனுமதி குடுத்திடுச்சு. புதுப் பசையைப் பத்தி நான் அதுக்குச் சொன்னதே இல்லையே! அதுக்குத் தெரிஞ்சதெல்லாம் சூடும் சத்தமும்தான். இங்க பயிற்சிக்கு வர்ற அண்ணாதுரை என் பழைய சினேகிதனோட தம்பி. ஊருக்குப் போறேன்னான். அவன் அட்டையை வாங்கிட்டு வந்தேன். எப்படியோ பயிற்சியில இருந்து மீட்டிங் ஹாலுக்கு ஒரு வழி திறந்திருந்துச்சு. ஆனா வாயில்லாத சிலிண்டராத்தான் போக முடிஞ்சுது. அது அனுமதி குடுக்கும்போதெல்லாம் நுரை அடிச்சேன். விழிப்புணர்வுன்னுட்டாங்க."

"வீட்டுக்கு?"

அவன் தலை குனிந்தான். "வேலை போச்சுன்னு சொல்ல வாய் வரல. எம்.டி.யைப் பாத்தா சரியாயிடும், அதுவரைக்கும் பூனான்னு இருக்கட்டும்னு..."

பின்பக்கத்திலிருந்து ஒரு லாரி கிளம்பும் உறுமல் கேட்டது. ஜெகதீஷ் துள்ளி எழுந்தான்.

"அந்தச் சரக்குதான்! இன்னிக்குத்தான் போகுது!"

*

மாடிப்படியில் விமல்ராஜ் குறுக்கே நின்றார்.

"நகருங்க" என்றாள் ராசாத்தி. "பொம்மைக்கு ஜெகதீஷ் முகத்தை மாட்டினது நீங்க. நீங்க ஏ.சி.யிலயும் வேர்த்ததே காட்டிக் குடுத்திடுச்சு."

"முகத்தை மாட்டினது நான்தான்." விமல்ராஜின் கண் கலங்கியது. "பூஜாடிக்குப் பக்கத்துல அந்த வழியைத் திறந்து விட்டதும் நான்தான் மேடம். ஜெகதீஷ் சார் பயிற்சிக்கு வர்றது எனக்கு முதல் நாளே தெரியும்."

ஜெகதீஷ் வாயைப் பிளந்தான். "அப்போ நேரா எம்.டி.கிட்டயே சொல்லியிருக்கலாமேய்யா?"

"எப்படிச் சொல்றது? உங்களுக்கு முன்னாடியே ஆசான் என்னையும் வேலையை விட்டுத் தூக்கிடுச்சு. மேசையில உங்களுக்கு எதிர்ல என் பொம்மை உட்கார்ந்திருக்கு. கரண்ட் போய்ப் போய் வருது இல்லையா, சர்வரைத் திருப்பி ஆன் பண்ண ஒரு கை வேணும். அதனால கேட்டுல என்னை 'உபகரணம்'னு பதிஞ்சு உள்ள விடுது. நான் எம்.டி.கிட்ட வாயைத் திறந்தா அந்தப் பதிவும் போயிடும்."

"நாற்காலி, மேசை, விமல்ராஜ்" என்று முணுமுணுத்தான் மதுரைவீரன். பிறகு அவர் முகத்தைப் பார்த்து, "மன்னிச்சுக்கங்க சார்" என்றான்.

ராசாத்தி ஒரு கணம் நின்றாள். தப்பான ஆளைச் சந்தேகப்பட்டது அவளுக்குப் பிடிக்கவில்லை. அதைவிட, அடுத்து வந்த யோசனை பிடிக்கவில்லை. "விமல், அந்த மேசையில மொத்தம் எத்தனை பேர் நிஜம்?"

விமல்ராஜ் எம்.டி. அறைக் கதவைப் பார்த்தார்.

உள்ளே எம்.டி. ஹெட்செட்டோடு, காற்றில் யாருக்கோ கை குலுக்கிக்கொண்டிருந்தார். ஜெகதீஷ், "சார், லாரியை நிறுத்தணும் சார்!" என்று கத்தினான். எம்.டி. திரும்பாமலே கையசைத்தார்.

"மீட்டிங்ல இருக்கேன். ஜெகதீஷ் இங்கதான் இருக்காரு, லாரி சரியா இருக்குன்னு சொல்றாரு. யாருப்பா நீ?"

ராசாத்தி இன்னொரு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டாள். பனிமலை, பளிங்கு, கோட்டுகள். வழுக்கைத்தலை ஆசாமியாக மேசை முனையில் நின்று அடிவயிற்றிலிருந்து கத்தினாள்.

"தீ! தீ! கம்பெனி பத்திக்கிச்சு! எல்லாரும் ஓடுங்க!"

மேசையைச் சுற்றியிருந்த அத்தனை மேனேஜர்களும் அவள் பக்கம் திரும்பினார்கள். புன்னகைத்தார்கள். கொள்முதல், விற்பனை, கணக்கு, பணியாளர் நலம், கணினி, தரம், எல்லோரும் பள்ளிக்கூடப் பிரார்த்தனைபோல ஒரே குரலில் கேட்டார்கள்.

"வெப்பநிலை எண்பது டிகிரியைத் தாண்டுகிறதா?"

ஒரே ஒருவர் மட்டும் ஐயோ என்று அலறி எழுந்து ஓடினார். நிஜ அறையில் அந்த ஓட்டம் இரும்பு பீரோவில் முடிந்தது.

ராசாத்தி ஹெட்செட்டைக் கழற்றிவிட்டு, தரையில் உட்கார்ந்திருந்த எம்.டி.யின் முகத்திலிருந்தும் அதைக் கழற்றினாள். நெற்றியில் புடைப்பு எழும்பிக்கொண்டிருந்தது.

"தீ எங்க?"

"தீ இல்ல சார். அந்த மேசையில மனுஷன்னு இருந்தது நீங்க ஒருத்தர்தான். மத்தவங்க எல்லாரையும் ஆசான் எப்பவோ வீட்டுக்கு அனுப்பிடுச்சு."

ஆனந்தராஜ் ஒவ்வொரு பெயராக யோசிக்கிறார் என்பது அவர் உதடு அசைவதில் தெரிந்தது. "சந்தோஷம்கூட? கணக்குப் பிரிவு சந்தோஷம்? போன வாரம் என் பிறந்த நாளுக்குப் பாட்டெல்லாம் பாடினாங்களே..."

மதுரைவீரன் ஒரு தண்ணீர் பாட்டிலை அவரிடம் நீட்டினான்.

ஜெகதீஷ் அவர் முன்னால் குந்தி உட்கார்ந்தான். "சார், அந்த பிரேக் ஷூ லோடு வெளிய போனா ஸ்கூட்டர்ல மாட்டுவாங்க. நம்ம ஆளுங்க புள்ளைங்களை முன்னாடி நிக்க வெச்சு ஓட்டற ஸ்கூட்டர் சார். நிறுத்தச் சொல்லுங்க."

எம்.டி.யின் கை தானாக ஹெட்செட்டைத் தேடியது. பாதியில் நின்றது. "ஆசானைக் கேக்காம நான் எப்படி... மேடம், நீங்க என்ன சொல்றீங்க?"

"நான் கண்டுபிடிக்கற ஆளு சார். முடிவு எடுக்கற ஆளு நீங்கதான்."

அவர் போனை எடுத்து கேட்டுக்கு அடித்தார். "முனிவேல்! லாரியை நிறுத்து!"

போனில் முனிவேலின் குரல் பணிவாகக் கேட்டது. "எம்.டி. சார் மீட்டிங்ல இருக்காருன்னு சிஸ்டம் காட்டுதுங்க. நீங்க யாரு பேசறது?"

எம்.டி. போனைக் கீழே போட்டுவிட்டு ஓடினார்.

படிகளில் அவர் ஓடியதைப் பார்த்தவர்கள், மாடியிலிருந்து மூட்டை உருள்கிறது என்றுதான் நினைத்தார்கள். செருப்பில்லாமல், டை தோளுக்குப் பின்னால் பறக்க, வெயிலில் கண்ணைக் குறுக்கிக்கொண்டு முற்றத்தைக் கடந்தார். கேட் திறந்துகொண்டிருந்தது. லாரியின் மூக்கு வெளியே நீண்டுவிட்டது. அவர் அதற்கு முன்னால் போய்க் கைகளை விரித்து நின்றார்.

லாரி கீச்சிட்டு, அவர் சட்டைப் பொத்தானை உரசுமளவுக்கு வந்து நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டி, "யாரு நீவு?" என்று கன்னடத்தில் கத்தினார்.

"இந்தக் கம்பெனி எம்.டி.!"

டிரைவர் முனிவேலைப் பார்த்தார். முனிவேல் திரையைப் பார்த்தார். பிறகு மூச்சுவாங்க நிற்கும் மனிதரைப் பார்த்தார். கொஞ்ச நேரம் யோசித்து, திரையின் ஒயரைப் பிடுங்கிவிட்டு விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார்.

ஜெகதீஷ் லாரியில் ஏறி ஒரு பெட்டியைப் பிரித்தான். ஒரு பிரேக் ஷூவை எடுத்துக் கட்டைவிரல் நகத்தால் ஓரத்தை நெம்பினான். கறுப்பு லைனிங், வாழைப்பழத் தோல்போல உரிந்து கையோடு வந்தது. அதை எம்.டி.யின் உள்ளங்கையில் வைத்தான். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன் கம்பெனிச் சரக்கைக் கையால் தொட்டு எத்தனை காலமாயிற்றோ, எடையைக் கண்டு வியந்ததுபோல் இருந்தது.

"எல்லாருக்கும் போன் போடணும்" என்றார் தழுதழுத்து. "விமல், சந்தோஷம் நம்பர் உங்ககிட்ட இருக்கா?"

இத்தனை நேரமும் பேசாமல் பின்னாலேயே வந்த ரஞ்சிதா, லாரியை விட்டு இறங்கிய கணவன் முன் போய் நின்றாள்.

"இத்தனை நாளும் எங்க படுத்தீங்க?"

"அண்ணாதுரை ரூம்ல."

"அது எங்க?"

அவன் தயங்கினான். "நம்ம தெருவுக்குப் பின் தெரு. மாடி ரூம். அங்கயிருந்து பாத்தா நம்ம வீட்டு மொட்டை மாடி தெரியும்."

"தெரியுமா?"

"நீ துணி காயப்போடறது தெரியும். பாப்பா கொடிக்குக் கீழே ஓடறது தெரியும்."

"அன்னிக்கு மழை வந்து துணியெல்லாம் நனைஞ்சப்போ, பாப்பாவை இடுப்புல வெச்சுக்கிட்டு ஒத்தைக் கையால நான் எடுத்துட்டு இருந்தேனே. பாத்தீங்களா?"

"பாத்தேன்." அவன் குரல் உள்ளே போய்விட்டது. "ஓடி வரலாம்னு படியிறங்கிட்டேன். பாதியில, என்னன்னு சொல்றதுன்னு தெரியல. நின்னுட்டேன்."

ரஞ்சிதாவின் கை உயர்ந்தது. அவன் தலையில் இன்னும் பயிற்சி ஹெல்மெட் இருந்தது.

"அதைக் கழட்டுங்க" என்றாள்.

எம்.டி., விமல்ராஜ், முனிவேல், டிரைவர் எல்லோரும் சட்டென்று லாரியின் சக்கரங்களில் ஏதோ இருப்பதுபோல் குனிந்து பார்க்க ஆரம்பித்தார்கள். மதுரைவீரன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். ராசாத்தி அவன் சட்டைக் காலரைப் பிடித்து அந்தப் பக்கம் திருப்பினாள்.

ஜெகதீஷ் ஹெல்மெட்டைக் கழற்றிக் கீழே வைத்தான். கண்ணை இறுக மூடிக்கொண்டு தலையை நன்றாகத் தாழ்த்திக் கொடுத்தான்.

அடி விழவில்லை. வியர்வையில் ஒட்டியிருந்த அவன் தலைமுடியில் அவள் கை வந்து படிந்தது. எடுக்கவே இல்லை.